நான் துடைத்த கதிரையில் என் தங்கச்சி

1

வெள்ளவத்தையில் என் தங்கச்சி புவனாவின் பிளட்டுக்குள் நுழைந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முதலே அவளைத்தான் காண்பீர்கள். ஹோல் சுவரில், எங்கள் அப்பா அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில், அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக அவளுடைய படம் தொங்குகிறது. பின்னால் பச்சைப் புல். சுற்றிவர ஆயிரம் ஆயிரமாகச் சனம். நடுவில் ஒரு கதிரையில், பட்டுச்சேலையும் கட்டி, கழுத்தில் கம்பளித் துண்டும் சுற்றிக்கொண்டு புவனா. கன்னத்தில் யாரோ கொடி கீறிவிட்டிருக்கிறார்கள். அறுபத்து நாலு வயதுக் கன்னம் அது.

அந்தக் கதிரை என்னுடையது. ஜெர்மனியில் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து எட்டு நிமிடம் நடந்தால் வருகிற ஸ்டேடியம். பதினேழு வருடம் நான் வேலை செய்த இடம். நாடும் நாடும் மோதுகிற பெரிய உதைபந்தாட்டப் போட்டி அங்கே நடந்தபோது உள்ளே போய் இருந்தவள், கொழும்பிலிருந்து ஆறு கிழமை விசாவில் வந்த என் தங்கச்சி. நான் இல்லை.

இப்போது நான் அவளுடைய பிளட்டில் இரண்டு மாதம் நிற்க வந்திருக்கிறேன். தினமும் அந்தப் படத்துக்குக் கீழே இருந்துதான் தேத்தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும், மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் உட்பட, படத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்கள். புவனா தொடங்குவாள். முடிக்க அரை மணித்தியாலம்.

எழுத்து எனக்கு வராத வேலை. கொட்டாஞ்சேனையில் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று, புவனா மார்க்கெட்டுக்குப் போகிற நேரம் பார்த்து எழுதுகிறேன். பிழை இருந்தால் அச்சில் போடுகிறவர்கள் எழுத்தைத் திருத்திக்கொள்ளட்டும். கதையைத் திருத்த வேண்டாம்.

2

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் முதலில் ஜெர்மனிக்குப் போனார். மூன்று வருடம் கழித்து நான் போனேன். அவர் காலமாகிப் பன்னிரண்டு வருடமாகிறது. எங்களுக்கு ஒரே பிள்ளை, மதி. அங்கேயே பிறந்தவள்.

ஸ்டேடியத்தில் எனக்கு என்ன வேலை என்று கொழும்பில் எவருக்கும் தெரியாது. சனிக்கிழமை விளையாட்டு நடந்தால் ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு நாங்கள் நாற்பது பெண்கள் வரிசையாக ஏறுவோம். முதுகில் காற்று அடிக்கிற மெஷின் கட்டியவர்கள் மேல் படியிலிருந்து குப்பையைக் கீழே தள்ளிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் வாளியும் துணியுமாக நாங்கள். மடிந்து நிற்கிற கதிரையை முழங்காலால் அழுத்திப் பிடித்து, மேலே ஒரு துடை, அடியில் ஒரு துடை. கடுகுச் சாந்து காய்ந்திருந்தால் நகத்தால் சுரண்டவேண்டும். சூரியகாந்தி விதைக் கோதுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது, ஈரத் துணியோடு ஒட்டிக்கொண்டு அடுத்த கதிரைக்கும் வரும். ஒற்றைச் சப்பாத்து, மூக்குக்கண்ணாடி, ஒருதரம் ஒரு பல்செட் என்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பல்லை விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு அப்படி என்னதான் கத்தினாரோ அந்த மனிதர்.

புல்லில் கால் வைக்க எங்களுக்கு அனுமதி இல்லை. மாரி காலத்தில் அந்தப் புல்லுக்கு மேலே சில்லுப் பூட்டிய பெரிய பெரிய விளக்குகளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். வெயில் இல்லாத நாட்டில் புல்லுக்கு வெயில் காட்டுகிறார்களாம். விரல் விறைத்து, வாளித் தண்ணீரில் கை வைக்க முடியாமல் நான் நிற்பேன். அங்கே புல் குளிர்காய்ந்துகொண்டு கிடக்கும். ஒரு மனிசி புல்லின்மேல் எரிச்சல்படுவாளா என்று கேட்காதீர்கள். பட்டேன்.

ஊருக்கு எழுதிய கடிதத்தில் என் வீட்டுக்காரர் 'இவளுக்கு ஸ்டேடியத்தில் வேலை கிடைத்திருக்கிறது' என்று மட்டும்தான் எழுதினார். அதை வாசித்துவிட்டு அம்மா எங்கள் ஜம்பட்டா வீதி முழுக்க 'மூத்தவளுக்கு ஸ்டேடியம் ஒபிஸில வேலை' என்று சொல்லிவிட்டா. ஒபிஸ் என்பது அம்மா போட்ட சொல். நான் பொய் சொல்லவில்லை. மறுத்துச் சொல்லவுமில்லை. புவனா படித்து ஆங்கில டீச்சராகி 'மிஸ், மிஸ்' என்று எல்லோரும் கூப்பிட நடந்துகொண்டிருந்த காலம் அது. எனக்கும் ஒரு ஒபிஸ் இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மதி பதினைந்து வயதிலேயே அந்த ஸ்டேடியத்துக்குத் தன்னைக் கொடுத்துவிட்டாள். தேவாரம் ஒன்று முழுதாகத் தெரியாது. அந்தக் கழகத்தின் பாட்டு ஆறும் தெரியும். ஒரு பக்கம் முழுக்கக் கதிரை இல்லாமல், ஆட்கள் நின்றபடி பார்க்கிற இடம் ஒன்று உண்டு. அவள் போவது அங்கேதான். சனிக்கிழமை அவள் நின்று கத்திவிட்டு வந்த இடத்தை ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டுவேன். அதைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்தது கிடையாது. சிநேகிதிகள் வீட்டுக்கு வந்தால், கொடியில் காய்கிற என் வேலைச் சட்டையை எடுத்து மடித்து உள்ளே வைத்துவிடுவாள். என்னை நினைத்து வெட்கப்படுகிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வியைத் தாய் எப்படிக் கேட்பது?

3

புவனா எனக்கு முன்னால் போய் உட்கார்ந்தது இது முதல் தரமும் அல்ல.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வீட்டுக்குக் கிட்டத்தான் கொழும்பின் பெரிய ஸ்டேடியத்தைக் கட்டினார்கள். அது திறந்த புதிதில் வெளிநாட்டு அணி ஒன்று வந்து விளையாடியது. அப்பாவுக்கு உதைபந்து என்றால் உயிர். வேலைத்தலத்தில் யாரோ கொடுத்த அனுமதிச் சீட்டு இரண்டோடு வந்தார். மூத்தவள் நான். பதினைந்து முடிந்திருந்தது. பாவாடை தாவணியை எடுத்து வைத்துவிட்டேன்.

"இவளை எங்க கூட்டிக்கொண்டு போறியள், பெரியபிள்ளையானவளை?" என்று அம்மா குசினிக்குள் இருந்து கேட்டா. "அவ்வளவு ஆம்பிளையளுக்கு நடுவில கொண்டுபோய் இருத்தப் போறியளோ?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற புவனாவைப் பார்த்தார். அவளுக்குப் பத்து வயது. "வாடி," என்றார். அவள் சட்டைகூட மாற்றாமல் ஓடினாள்.

நான் வீட்டில் இருந்து சத்தத்தைக் கேட்டேன். ஒரு பெரிய ஓவென்ற சத்தம் எங்கள் கூரைத் தகரத்தில் வந்து விழும், பிறகு அடங்கும். திரும்பி வந்தவள் மூன்று நாள் வாய் மூடவில்லை. அன்றைக்கும் இப்படித்தான், வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் கதை சொன்னாள். அதன் பிறகு அம்மாவுக்குச் சுகமில்லாமல் போக, சமையலும் தண்ணீர் எடுப்பதும் என் தலையில். புவனா பள்ளிக்கூடம் போனாள். இதில் எவர்மேலும் குற்றம் இல்லை என்று சொல்ல எனக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை.

4

புவனாவை ஜெர்மனிக்குக் கூப்பிட்டது நானேதான். இதை நீங்கள் நம்பவேண்டும். அவளுடைய விசாவுக்காக வெளிநாட்டார் அலுவலகத்தில் இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு இரண்டு தரம் காத்திருந்தேன். எங்கள் வீடு எத்தனை சதுர மீட்டர், அவள் எந்த அறையில் படுப்பாள், நோய் வந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். நான் அந்த நாட்டுக்கு வந்த காலத்தில் என்னை எந்த அறையில் படுக்க வைப்பது என்று எவரும் கேட்டதில்லை. எட்டுப் பேர் ஒரு அறையில் படுத்தோம். அதையும் எண்ணிக்கொண்டுதான் கையெழுத்து வைத்தேன்.

அவள் வெளிக்கிட ஒரு கிழமைக்கு முன் தொலைபேசியில் புத்தி சொன்னேன். இந்தப் புத்திதான் என்னைக் கவிழ்த்தது.

நம்முடைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுக்குப் போனால் "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்பார்கள். "ஐயோ வேண்டாம்" என்போம். "ஒரு சொட்டு?" "இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்." மூன்றாம் தரம் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள். குடிப்போம். முதல் வேண்டாமுக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். கேட்டவுடன் 'ஓம்' என்பவளைப் பார்த்து, இவளுக்கு வீட்டில் சாப்பாடு இல்லையோ என்று நினைக்கிற ஊர் எங்களுடையது.

ஜெர்மன்காரருக்கு அது கிடையாது. வேலைக்குப் போன முதல் மாதம் எங்கள் மேற்பார்வைப் பெண்ணின் பிறந்தநாள். செர்ரிப்பழம் வைத்த கேக் ஒன்றை நீட்டி வேண்டுமா என்று கேட்டாள். மரியாதைக்கு வேண்டாம் என்றேன். சரி என்று அடுத்த ஆளுக்கு நீட்டிவிட்டாள். எல்லோரும் தின்று முடியும்வரை நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

அதனால்தான் சொன்னேன்: "புவனா, இஞ்ச ஒருக்காத்தான் கேப்பினம். வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். விருப்பம் எண்டால் உடன ஓம் எண்டு சொல்லிப்போடு. வெக்கப்பட்டுக்கொண்டு நிண்டியோ, பட்டினி."

"சரி அக்கா," என்றாள். டீச்சர் அல்லவா, ஒருதரம் கேட்டால் மனதில் பதிந்துவிடும்.

அவள் வந்து இரண்டு கிழமை போனது. ஒரு ஞாயிறு மத்தியானம் மதி போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடிவந்தாள்.

"அம்மா! பெரிய போட்டிக்குக் குலுக்கலில எனக்கு விழுந்திருக்கு! ரெண்டு டிக்கெட்! நீங்கள் என்னோட வாறீங்களா?"

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். எனக்குள் என்ன நடந்தது என்று எழுத என்னால் முடியாது. எந்தச் சேலை என்றுகூட அந்த நொடியில் தீர்மானித்துவிட்டேன், நீலம். வாய் மட்டும் கொட்டாஞ்சேனை வாய்.

"எனக்கென்னத்துக்கடி? நான் பாக்காத ஸ்டேடியமோ அது?"

சொல்லிவிட்டு, அவள் 'இல்லை அம்மா, கட்டாயம் வாங்கோ' என்று சொல்லக் காத்திருந்தேன். வெங்காயத்தைக்கூட மெதுவாகத்தான் வெட்டினேன்.

"ஓகே," என்றாள் மதி. ஹோல் பக்கம் திரும்பினாள். "சின்னம்மா, நீங்கள் வாறீங்களா?"

"ஓம் பிள்ளை, வாறன்!"

அப்படி ஒரு ஓம். மூச்சுவிடுகிற நேரம்கூட எடுக்கவில்லை.

அன்றிலிருந்து நான் ஜாடை காட்டத் தொடங்கினேன். "முழங்கால் நோ இப்ப நல்லாக் குறைஞ்சிட்டுது, மதி," என்றேன். "சந்தோசம் அம்மா," என்றாள். "அண்டைக்கு மழையாம். சின்னம்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமோ தெரியாது." "கூரை இருக்கு அம்மா. உங்களுக்குத் தெரியாததா?" நாலாம் நாள் துணிந்து கேட்டேன்: "அந்த டிக்கெட்டில பேர் போட்டாச்சோ? மாத்தலாமோ?"

"சின்னம்மாவின்ர பாஸ்போர்ட் நம்பரும் குடுத்திட்டன். ஏன் அம்மா?"

"சும்மா கேட்டனான்."

ஏன் என்று அவள் கேட்டாள் பாருங்கள். அப்போது சொல்லியிருக்கலாம். பெற்ற பிள்ளையிடம் எனக்கும் ஆசை என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும். எனக்கு அது இல்லை.

5

விளையாட்டு மாலை ஆறு மணிக்கு. புவனா என்னுடைய பவுடரைப் போட்டுக்கொண்டு போனாள். வீதி முழுக்க வெள்ளைச் சட்டைக்காரரும் சிவப்புச் சட்டைக்காரருமாக எங்கள் யன்னலுக்குக் கீழே பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு நடுவில் அவளுடைய பட்டுச்சேலை சந்தி வரைக்கும் தெரிந்தது.

நான் டிவியைப் போட்டேன். அப்போது ஒரு அநியாயத்தைக் கண்டுபிடித்தேன். ஸ்டேடியத்துக்குக் கிட்ட இருக்கிறவர்களுக்குச் சத்தம் முதலில் யன்னலால் வந்துவிடும். டிவியில் பந்து இன்னும் நடுவில் உருண்டுகொண்டிருக்கும். வெளியே ஓவென்று வானம் பிளக்கும். அதற்குப் பிறகு, நான் தேத்தண்ணீரை ஒரு மிடறு விழுங்கிய பிறகு, டிவிக்காரன் கோல் போடுவான். எனக்குக் கிடைத்தது எல்லாமே ஆறின சாப்பாடு. கடைசியில் டிவியை நிறுத்திவிட்டு யன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பெரிய சத்தத்துக்குள் மதியின் தொண்டையும் இருக்கிறது, புவனாவின் தொண்டையும் இருக்கிறது. எது எது என்று பிரிக்க முடியவில்லை.

அவர்கள் வந்தபோது புவனாவின் குரல் கட்டியிருந்தது. "அக்கா, நீங்கள் பாக்கவேணும்! என்ன இடம் அது! என்ன துப்புரவு!" என்றாள்.

துப்புரவு என்று என்னிடமே சொன்னாள். நான் சோறு போட்டேன்.

6

இங்கே வெள்ளவத்தையில் உங்களுக்கெல்லாம் ஒரு நினைப்பு, வெளியில் போனவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள் என்று. நான் சொல்லட்டுமா? புவனாவின் பிளட்டில் நாலாம் மாடியில் கடற்காற்று வருகிறது. மீன்காரன் கீழே நின்று கூப்பிடுகிறான். காலி வீதி என்கிற பெருந்தெருவில் பத்து அடி நடக்க முதல் மூன்று பேர் "மிஸ், சுகமோ?" என்கிறார்கள். படிப்பித்த பிள்ளைகள் வங்கியிலும் இருக்கிறார்கள், களுபோவில ஆஸ்பத்திரியிலும் இருக்கிறார்கள். எங்கள் ஜெர்மன் கட்டடத்தில் மேல்வீட்டுக்காரர் பதினெட்டு வருடமாகப் படியில் காணும்போது 'ஹலோ' சொல்லுகிறார். அதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

எனக்கு இப்போது சிங்களமும் போய்விட்டது. போன கிழமை களுபோவிலவில் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டுத் தனியாக ஓட்டோவில் வந்தேன். எங்கள் ஒழுங்கை வந்ததும் இடப்பக்கம் திரும்பச் சொல்ல வேண்டும். "மல்லி, லிங்க்ஸ்! லிங்க்ஸ்!" என்று கத்தினேன். தம்பி என்பதற்கு மல்லி வந்தது, இடது என்பதற்கு வாயில் வந்தது ஜெர்மன் சொல். அந்தத் தம்பி லிங்க்ஸ் என்பது ஏதோ கடையின் பெயராக்கும் என்று நினைத்து, இரண்டு பக்கமும் பெயர்ப்பலகை பார்த்துக்கொண்டு அடுத்த ஊரான பம்பலப்பிட்டி வரைக்கும் கொண்டுபோய்விட்டான்.

புவனா சிரித்துக்கொண்டே அதையும் எல்லோருக்கும் சொன்னாள். அவளுடைய கதைகளில் அவள் ஸ்டேடியத்தில் இருப்பாள். நான் ஓட்டோவில் வழிதப்பி நிற்பேன்.

7

எதிர் பிளட்டில் ஒரு ஹாஜியார் இருக்கிறார். புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருந்து மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்தவர். இளமையில் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் உதைபந்து விளையாடியவர். முழங்காலில் அந்தக் காலத்துத் தழும்பு இன்னும் இருக்கிறது. புவனாவின் கதையைக் கேட்க அவரைப் போல ஆள் கிடையாது. இந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் மனைவி செய்த வட்டிலப்பத்தோடு வந்தார். படத்துக்கு நேரே கதிரையைப் போட்டுக்கொண்டார்.

"மிஸ், ஒண்டு கேக்கணும் எண்டு இருந்தன்," என்றார். "அந்த நாட்டு ஸ்டேடியத்துல ஒரு பக்கம் கதிரையே இல்லியாமே? சனம் மதில் மாதிரி நிண்டுக்கிட்டே பாக்குமாம். நீங்க அதக் கண்டீங்களா?"

"சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்லை, ஹாஜியார்," என்றாள் புவனா. "நாலு பக்கமும் கதிரைதான். நான் என்ர கண்ணால பாத்தனான்."

"இருக்கு," என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நிக்கிற பக்கம் இருக்கு. நாடுகள் விளையாடுற பெரிய போட்டியில நிக்க விடமாட்டினம். அதுக்காகக் கொண்டுவந்து கதிரை பூட்டுறது. முடிஞ்ச உடன கழட்டிப்போடுவினம். நீ இருந்ததே அந்தப் பூட்டின கதிரையிலதான், புவனா."

"அக்கா, நான் உள்ளுக்க இருந்து பாத்தனான்," என்றாள் அவள், பிள்ளைக்குச் சொல்லுவதுபோல. "நீங்கள் ஒபிஸுக்குள்ள இருந்தனீங்கள். ஒபிஸில இருந்து பாத்தால் எல்லாம் விளங்காது."

ஹாஜியார் பண்பான மனிதர். என் பக்கம் ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பிவிட்டார். "அப்ப டிவில காட்டினது வேற எடமாக்கும்," என்றார். ஒபிஸ் என்ற அந்த ஒரு சொல் என் வாயைக் கட்டிப்போட்டுவிட்டது. ஒபிஸில் இருந்தவளுக்குப் பூட்டின கதிரை எது, பூட்டாத கதிரை எது என்று எப்படித் தெரியும்?

"ஆக்கள் எப்பிடி, மிஸ்? சேலையப் பாத்து ஒண்டும் சொல்லல்லியா?"

"நல்ல மரியாதை, ஹாஜியார். அதில ஒரு பகிடி. நாங்கள் இருக்க முதல் எங்கட மதி கதிரையைக் கையால தடவிப்போட்டு, பக்கத்தில இருந்த வெள்ளையளுக்கு ஜெர்மனில என்னவோ சொன்னவள். புட்டு எண்டு வந்தது. எனக்குச் சிரிப்பு. அங்க போயும் புட்டுக் கதையோ எண்டு."

"என்ன சொன்னவள்?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்க விளங்கினது?"

"விளங்காட்டிப் பரவாயில்லை. காதில விழுந்ததைச் சொல்லு."

என் குரல் மாறியிருக்க வேண்டும். புவனா சிரிப்பை நிறுத்தினாள். கண்ணை மூடி யோசித்தாள். பாஷை படிப்பித்தவளின் காது, அதை நான் மறுக்கமாட்டேன்.

"'மைனே முத்தர்' எண்டு தொடங்கினவள். அது அம்மா எண்டு எனக்குத் தெரியும். பிறகு 'தஸ் அலஸ்'. கடைசியில 'கெபுட்டு' மாதிரி. சொல்லேக்க கையைச் சுத்திக் காட்டினவள், அந்தப் பக்கம் முழுக்க. அம்மா இவ்வளவு சனத்துக்கும் புட்டு அவிச்சுப் போடுவா எண்டு புழுகிறாளாக்கும் எண்டு நினைச்சன்."

ஹாஜியார் குலுங்கிச் சிரித்தார்.

"பிறகு?"

"பிறகென்ன, முன்னால இருந்த ஒரு கிழவன் எழும்பி, தான் இருந்த கதிரையைத் திரும்பிப் பாத்தான். தொப்பியைக் கழட்டினான். அவன்ர மனிசி மதியின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள்."

"இதை ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

புவனா சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். "அது எனக்குச் செய்த மரியாதை இல்லைத்தானே," என்றாள். "நான் பட்டுச்சேலையும் கட்டிக்கொண்டு முன்னால இருக்கிறன். அவன் அங்க இல்லாத ஆளுக்குத் தொப்பியைக் கழட்டுறான்."

ஐம்பது வருடத்துக்கு மேலாக எரிவது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அதை யோசிக்க அப்போது நேரம் இருக்கவில்லை.

"அது புட்டு இல்லை, ஹாஜியார்," என்றேன். "கெபுட்ஸ்ட். கூட்டித் துடைச்சுத் துப்புரவாக்கினது எண்டு அந்தச் சொல்லுக்கு அர்த்தம். 'இது எல்லாம் என்ர அம்மா துடைச்சது.' என்ர மகள் சொன்னது அதுதான். எனக்கு அங்க ஒபிஸ் ஒண்டும் இருக்கேல்ல. பதினேழு வருசம் வாளியும் துணியும்தான். அந்த நிக்கிற பக்கத்தைக் கூட்டினதும் நான். கதிரை பூட்டினால் துடைச்சதும் நான்."

சொல்லி முடிந்தபோது வெளியே லிஃப்ட் வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் ஹாஜியாரின் முகத்தைப் பார்த்தேன். அம்மா ஜம்பட்டா வீதிக்குக் கட்டிக்கொடுத்த ஒபிஸை நான் உடைத்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவர் எழும்பினார். போகப்போகிறார் என்று நினைத்தேன். கதிரையின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி, படத்துக்கு முதுகு காட்டி, என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

"யா அல்லாஹ், இவ்வளவு நாளும் நாங்க ஆள மாத்திக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கம்," என்றார். "சொல்லுங்க அக்கா. அந்த நிக்கிற பக்கத்துல எவ்வளவு பேர் நிப்பாங்க? சாய்வு எப்பிடி? விழ மாட்டாங்களா?"

சொன்னேன். கம்பி எந்த உயரம், எந்தப் படியில் தண்ணீர் தேங்கும், தோற்ற நாளில் குப்பை எப்படி இருக்கும், வென்ற நாளில் எப்படி இருக்கும் எல்லாம் சொன்னேன். மாலைத் தொழுகைக்கு மஹ்ரிப் பாங்கு கேட்கும்வரை அவர் எழும்பவில்லை. நடுவில் புவனா எழும்பிப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். என்னுடைய கோப்பையைச் சத்தம் கேட்க வைத்தாள்.

அவர் போனபிறகு நான் குசினிக்குள் போனேன். புவனா கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். கோபமா, அழுகையா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"அந்த வசனத்தை இன்னொருக்காச் சொல்லு," என்றேன்.

சொன்னாள். பிழையைத் திருத்தினேன். மறுபடி சொன்னாள். மைனே முத்தர் ஹட் தஸ் அலஸ் கெபுட்ஸ்ட். மூன்றாம் தரம் சுத்தமாக வந்தது. ஆனால் வந்தது புவனாவின் குரல். மகளின் குரல் வரவில்லை. மதிக்கு ஒரு போன் எடுத்தால் சொல்லுவாள்தான். கேட்டு வாங்கினால் அது வேறு. அவள் தானாகச் சொன்னது ஒரே ஒரு தரம்தான்.

"எப்பிடிச் சொன்னவள்?" என்று கேட்டேன். "உரத்தோ? மெதுவாவோ? சொல்லேக்க முகம் எப்பிடி இருந்தது?"

புவனா குழாயைப் பூட்டினாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

"நான் புல்லைப் பாத்துக்கொண்டு இருந்தனான், அக்கா," என்றாள்.